மய்யித்தின் பணமும் மஹல்லாவின் மௌனமும்

திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்களை அரசு வேலியிட்டுக் காக்கிறது. அவற்றுக்குச் சொந்தக்காரர் எவருமில்லை. ஆகவே அது முறையே. ஆனால் அவ்வட்டாரக் கல்குவாரிகளில் உழைத்தும், வளைகுடா சென்று வெயிலில் வாடியும் ஒருவர் வங்கியில் சேர்த்த பணத்துக்குச் சொந்தக்காரர் உண்டு. அவர் மவ்த்தாகிவிட்டால் வாரிசுகள் உண்டு.

பத்து ஆண்டுகள் தொடப்படாத வைப்புத்தொகையை, 2014இல் ரிசர்வ் வங்கி ஏற்படுத்திய வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதிக்கு வங்கிகள் மாற்றிவிடுகின்றன. 2024 மார்ச் இறுதியில் அத்தொகை 78,213 கோடி ரூபாய். "சர்க்கார் எடுத்துக்கொண்டது, இனி வராது" என்று நம் வீடுகளில் சொல்லப்படுவது அறியாமை. உரிமை அழிவதில்லை, கோருவதற்குக் காலக்கெடுவும் இல்லை. கணக்கிருந்த வங்கியிலேயே வாரிசுகள் கேட்கலாம். வங்கி முதலில் கொடுத்துவிட்டுப் பின்னர் நிதியிலிருந்து பெற்றுக்கொள்ளும். 2023 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட 'உத்கம்' இணையதளத்தில் தேடக் கட்டணமே கிடையாது. பிறகு எதற்காக ஒரு விதவை, தொகையில் பங்கு கேட்கும் தரகரிடம் போய் நிற்கிறாள்?

மஹல்லாவில் துணைக்கு ஆளில்லை என்பதால்தான். அப்துல் ரஹ்மான் என்னும் ஒரே பெயர் பாஸ்புக்கில் ஒருவிதமாகவும் ரேஷன் அட்டையில் வேறுவிதமாகவும் இருக்கும். இரண்டும் ஒருவரே என்று காட்டும் சான்றுகளைத் திரட்டுவதில்தான் ஏழைகள் களைத்துப்போகிறார்கள். நுழைவாயில் வளைவு கட்ட வசூல் செய்யத் தெரிந்த நமக்கு, இதற்கு உதவ ஓர் இளைஞனை அமர்த்தத் தெரியவில்லை!

"வங்கிப் பணம், வட்டி கலந்தது" என்று ஒதுங்குவோரும் உளர். வட்டியை என்ன செய்வதென்று ஆலிமிடம் கேளுங்கள். அசல், உழைத்தவரின் கூலி. அதில் யதீமின் பங்கு இருக்கிறது. அதை விட்டுக்கொடுக்க நாம் யார்?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்வோம். பல வீடுகளில் பாஸ்புக் மூத்த மகனின் அலமாரியில் உறங்குகிறது. சகோதரிகளுக்குச் செய்தியே தெரியாது. நாமினியாகப் பெயரிடப்பட்டவர் பணத்தைப் பெற்றுக்கொள்பவரே தவிர, அதற்கு முழு உரிமையாளர் அல்லர். நாட்டின் சட்டமும் அப்படியே சொல்கிறது. அன்னிஸா அத்தியாயம் பெண்களுக்கு விதித்த பங்கை எந்த நாமினிப் படிவமும் ரத்துச் செய்யாது.

வரும் ஜும்ஆவுக்குப் பின் ஒரு மேசை போடுவோம். பழைய பாஸ்புக், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், இறந்தவரின் பான் அட்டை அல்லது வாக்காளர் அட்டை ஆகியவற்றுள் கிடைப்பதைக் கொண்டுவாருங்கள். சகோதரிகளையும் அழைத்து வாருங்கள்.