காரணம் எங்கே?

பல்கலைக்கழக விடுமுறையில் வீட்டிற்கு வந்திருந்த என் மருமகன், சென்ற வாரம் ஒரு பகற்பொழுது முழுவதையும் திரையின் முன் கழித்தான். அவன் ஆடிய 'ஜஸ்ட் கோஸ் 3' என்னும் வீடியோ விளையாட்டை நானும் அருகிருந்து பார்த்தேன். மாலையில், "தம்பி, இன்றைக்கு எத்தனை ஊர்களை விடுவித்தாய்?" என்று கேட்டேன். "ஏழு, மாமா" என்றான் பெருமிதத்துடன். "அவற்றில் ஓர் ஊரின் பெயரைச் சொல், பார்ப்போம்" என்றேன். அவன் சிரித்துக்கொண்டே தலையைச் சொறிந்தான்.

அச்சிரிப்பிலே இவ்விளையாட்டின் நிறையும் குறையும் அடங்கியிருந்தன.

சுவீடன் தேசத்து அவலாஞ்ச் ஸ்டூடியோஸ் நிறுவனத்தார் ஆக்கிய இது, 2015ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் வெளிவந்தது. மத்தியதரைக் கடலில் இருப்பதாகக் கற்பனை செய்யப்பட்ட மெடிச்சி என்னும் தீவுக் கூட்டமே களம். அதனை ஜெனரல் டி ரவெல்லோ என்னும் கொடுங்கோலன் ஆள்கின்றான். அந்த மண்ணை நெடுங்காலம் பிரிந்திருந்து திரும்பும் ரிக்கோ ரொட்ரிகஸ் அவனை வீழ்த்த வேண்டும்.

ரிக்கோவின் கொக்கிக் கயிறு ஒரு மந்திரக்கோலே ஆகும். அதனை மலைமுகட்டில் எய்து, பரசூட்டை விரித்து மேலெழலாம். இறகுடையை விரித்துப் பள்ளத்தாக்கின் மேல் பருந்தெனச் சறுக்கலாம். கயிற்றின் ஒரு முனையைக் கொடுங்கோலனின் சிலையிலும் மறுமுனையை நிலத்திலும் பிணைத்து இறுக்கினால் சிலை சரிந்து வீழும். எதனை எதனோடு பிணைப்பது என்பது ஆடுபவரின் விருப்பம். ஒரே பாசறையைப் பத்துப் பேர் பத்து விதமாகத் தகர்க்கலாம். விளையாட்டின் உயிர் இத்தகைய சுதந்திரமன்றோ? இதில் நான் குறை காணேன்.

ஆனால், கதை? சிலையை வீழ்த்தி, ஒலிபெருக்கிகளை உடைத்து, பொலிஸ் நிலையத்தைக் கைப்பற்றிக் கொடியேற்றியதும் ஊர் விடுதலை பெற்றுவிடுகின்றது. அடுத்த ஊரிலும் அதே சடங்கு. அங்கு வாழ்வோர் யார், அவர்கள் இழந்தது என்ன, விடுதலையின் பின் அவர்கள் நிலை யாது என்று கதை நின்று கேட்பதில்லை. உடன் நின்று போராடும் கிளர்ச்சிக்காரர் பெயரின்றியே வீழ்கின்றனர். நண்பன் மாரியோவின் வேடிக்கைப் பேச்சு சிரிப்பூட்டுகின்றது. ஆயினும் நெஞ்சில் எதுவும் தங்குவதில்லை. கொடுங்கோலன் எவ்வாறு உருவானான் என்னும் சுவையான வரலாறோ, தீவெங்கும் சிதறிக் கிடக்கும் ஒலிநாடாக்களில் ஒளிந்துள்ளது. தேடுவோர்க்கே அது கிட்டும். என் மருமகன் அவற்றுள் ஒன்றையேனும் கேட்டிலன்.

'ஜஸ்ட் கோஸ்' என்றால் 'நியாயமான காரணம்' என்று பொருள். ஆங்கிலப் பேச்சு வழக்கில் அதே ஓசைக்குச் 'சும்மாதான்' என்றும் பொருளுண்டு. முன்னதைக் கதை வாக்களிக்கின்றது. பின்னதையே ஆடுபவரின் கை செய்கின்றது.

பெற்றோர் ஒன்றை மறத்தலாகாது: ஐரோப்பாவில் இது 18 வயது நிரம்பியோர்க்கென்றே தரப்படுத்தப்பட்டுள்ளது. அவ்வயதை எட்டிய மாணவ நண்பர்கள் தாராளமாக ஆடி மகிழட்டும். ஆனால் ஒவ்வொரு வெற்றியின் பின்னும், "இது யாருக்காக?" என்று ஒருமுறை தம்மைக் கேட்கட்டும். விளையாட்டில் கேட்டுப் பழகாத அக்கேள்வியை வாழ்விலே திடீரெனக் கேட்பது எளிதன்று.

அன்றிரவு என் மருமகன் ஒலிநாடா ஒன்றைத் தேடியெடுத்து, வெடியோசையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். நானும் சத்தமின்றி அருகில் அமர்ந்தேன்.