கணக்கு வராதது யார் குற்றம்?

“என் பையனுக்குக் கணக்கு மாத்திரம் வருவதில்லை; அவன் தலையெழுத்து அப்படி” என்று தகப்பனார் சொல்லுகிறார். “இவனுக்கு மூளை அவ்வளவுதான்” என்று உபாத்தியாயர் சொல்லுகிறார். ஒருவர் பழியைத் தலையெழுத்தின்மேல் போடுகிறார். மற்றவர் பிறவியின்மேல் போடுகிறார். இரண்டும் ஒரே புரட்டுத்தான். சொல்லிக் கொடுத்த முறை சரிதானா என்று மாத்திரம் ஒருவரும் கேட்பதில்லை.

ஐந்தாம் வகுப்பு வரை கூட்டிக் கழித்து வந்த பிள்ளைக்கு ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளில் திடீரென்று மூளை கெட்டுவிடுமா? இல்லை. அங்கே கணக்கின் தன்மையே மாறுகிறது. அதுவரை எண் என்றால் விரல்விட்டு எண்ணக் கூடியது. இப்போதோ பின்னம் பெருகி வருகிறது; பூஜ்யத்திற்குக் கீழான எண் வருகிறது; எண் இருந்த இடத்தில் எழுத்து வருகிறது.

அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு என்று ஒரு பையனைக் கேட்டுப் பாருங்கள். மேலே ஒன்றும் ஒன்றும் இரண்டு, கீழே இரண்டும் மூன்றும் ஐந்து, ஆகவே ஐந்தில் இரண்டு என்று சொல்லுகிறவர்கள் பலர். ஐந்தில் இரண்டு அரையைவிடக் குறைவாயிற்றே, அரையோடு ஒன்றைச் சேர்த்தால் குறையுமா என்று அவன் யோசிப்பதில்லை. ஏன்? யோசிக்க அவனை யாரும் விடவில்லை. கழித்தல் எண்ணைக் கழித்தல் எண்ணால் பெருக்கினால் கூட்டல் எண் வருவானேன் என்று கேட்டால், “அது அப்படித்தான்” என்பதே பதில். அர்த்தந் தெரியாமல் மந்திரம் ஜெபிப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ஐந்து ரூபாய்க் கடன்கள் மூன்று தள்ளுபடியானால் பதினைந்து ரூபாய் லாபம் என்று சொன்னால் மாடு மேய்க்கிறவனுக்கும் விளங்குமே!

இன்னொரு சங்கதி. கணக்கு ஏணி போன்றது. கீழ்ப்படி இல்லாமல் மேல்படி ஏற முடியாது. இந்தியக் கிராமப் பிள்ளைகளைச் சோதித்த ‘அசர்’ அறிக்கையின்படி, 2024இல் எட்டாம் வகுப்பில் மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கத் தெரிந்தவர்கள் 100க்கு சுமார் 46 பேரே. மற்றவர்கள் முன்னால் எழுத்துக் கணக்கைப் போட்டுவிட்டுப் புரிகிறதா என்று கேட்பது யோக்கியமா?

மூளையில்லை என்பாருக்கு ஒரு பதில். பிரேசில் நாட்டு ரெசிஃபே நகரத்தில் தெருவில் வியாபாரம் செய்த ஐந்து பிள்ளைகளைச் சோதித்து 1985இல் முடிவை வெளியிட்டார்கள். வியாபாரத்தின்போது வாய்க்கணக்கில் 100க்கு 98 சரி. அதே மாதிரிக் கணக்கை வெறும் எண்ணாகத் தாளில் கொடுத்தபோது 100க்கு 37தான் சரி. பிள்ளை அதே பிள்ளை, மூளையும் அதே மூளை. மாறியது எது?

வீட்டில் சொல்லிக் கொடுக்க ஆளும், டியூஷனுக்குப் பணமும் உள்ளவன் எப்படியோ தப்பித்துக் கொள்ளுகிறான். முதல் தலைமுறையாகப் படிக்க வந்த கூலிக்காரன் பிள்ளைதான் “எனக்குக் கணக்கு வராது” என்று தானே நம்பிப் பள்ளிக்கூடத்தை விட்டு நிற்கிறான். நாளைக்கு வட்டிக்காரன் எழுதியதே அவனுக்குக் கணக்கு!

ஆகையால் பெற்றோர்களே, பிள்ளையைத் திட்டுவதை விடுங்கள். எந்தப் படியில் நின்றுவிட்டான் என்று பாருங்கள். உபாத்தியாயர்களே, பாடம் முடிந்ததா என்று பார்ப்பதற்கு முன் வகுத்தல் வந்ததா என்று பாருங்கள். சர்க்கார் அதற்கு வேண்டிய உபாத்தியாயர்களையும் நேரத்தையும் கொடுக்கட்டும். “ஏன்?” என்று கேட்கிற பிள்ளையை அதட்டி உட்கார வைக்காதீர்கள். கணக்கு ஆரம்பமாவதே அந்தக் கேள்வியில்தான்.