ஸ்டாக்ஹோமுக்கு ஒன்றரை நாள் போதுமாம்!

ஊர்லேர்ந்து அப்பா அம்மாவைக் கூட்டிட்டு வந்து ஐரோப்பா காட்டணும்னு ஆன்சைட்ல இருக்கிற எல்லாருக்கும் ஓர் ஆசை உண்டு. நல்ல ஆசைதான். ஆனா கூட வேலை பார்க்கிற நண்பர் ஒருத்தர் போன வாரம் காட்டின திட்டத்தைப் பார்த்ததும் எனக்கே மூச்சு வாங்கிடுச்சு. கோபன்ஹேகன், ஸ்டாக்ஹோம், ஆஸ்லோ மூணும் அஞ்சு நாள்ல! அதுல ஸ்டாக்ஹோமுக்கு ஒன்றரை நாள். அப்பாவுக்கு வயசு 66, அம்மாவுக்கு முழங்கால் வலி. எக்ஸெல் ஷீட்ல எல்லாம் கச்சிதமா பொருந்துது. அம்மாவோட முழங்காலுக்குத்தான் அதுல ஒரு கட்டம் இல்லை.

என் கட்சி இதுதான்: ஒரே ஊர், முழுசா நாலு நாள். ஷெங்கன் விசாவுக்குத் தலைக்கு 90 யூரோ, 30,000 யூரோ அளவுக்கு மருத்துவக் காப்பீடு, அதுக்கு மேல விமான டிக்கெட். இவ்வளவு அழுதுட்டு, அஞ்சுல ரெண்டு நாளை ரயில்லயும் விமான நிலைய வரிசையிலயும் தொலைக்கணுமா? கோபன்ஹேகன்லேர்ந்து ஸ்டாக்ஹோமுக்கு ரயில்லயே அஞ்சு மணி நேரத்துக்கு மேல ஆகும். "மூணு நாடு பார்த்தாச்சு"ன்னு பக்கத்து வீட்ல சொல்லிக்கலாம், அவ்வளவுதான்.

தேதி விஷயத்துல நம்மாளுங்க டிக்கெட் விலையை மட்டும் பார்க்கிறாங்க. இந்த ஊர்ல முதல்ல பார்க்க வேண்டியது சூரியனை. டிசம்பர் நடுவுல காலை எட்டேமுக்காலுக்கு உதிச்சு, மதியம் மூணு மணிக்கு முன்னாடியே கடையைச் சாத்திடும். வெளிச்சமே ஆறு மணி நேரம்தான். டிசம்பர் டிக்கெட் மலிவா கிடைச்சதுன்னு குதிக்கறவங்க இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்கணும். ஜூன்ல நேர் எதிர். ராத்திரி பத்து மணிக்கும் வெயில், விடியக்காலை மூணரைக்கு மறுபடியும் வெயில். பெரியவங்களுக்குத் தூக்கமே வராது. கண்ணுக்குக் கட்டிக்க ஒரு துணிப்பட்டி எடுத்துட்டு வரச் சொல்லுங்க. என் ஓட்டு மே கடைசிக்கோ ஆகஸ்ட் பின்பாதிக்கோதான்.

அடுத்தது விமான நிலையம். "ஸ்டாக்ஹோம்"னு பேர் போட்டு மலிவா விக்கிற டிக்கெட்ல ஸ்காவ்ஸ்டான்னு இருந்தா உஷார். அது ஊர்லேர்ந்து சுமார் 100 கிலோமீட்டர். திண்டிவனம் தாண்டி இறக்கிவிட்டுட்டு சென்னைன்னு சொல்ற மாதிரி :-) அர்லாண்டான்னா 40 கிலோமீட்டர்தான். அங்கேர்ந்து எக்ஸ்பிரஸ் ரயில்ல இருபது நிமிஷத்துக்குள்ள போயிடலாம், ஆனா பர்ஸ் பழுத்துடும். 583ஆம் நம்பர் பஸ் பிடிச்சு மேர்ஸ்டா போய், அங்கே புறநகர் ரயில் ஏறினா சாதாரண நகர டிக்கெட்டே போதும். சுமார் ஒரு மணி நேரம் ஆகும். பெட்டி குறைவா இருந்தா இதுதான் புத்திசாலித்தனம். ஆறு பெட்டியும் ஊறுகாய் ஜாடியுமா வர்றவங்க காசைப் பார்க்காம எக்ஸ்பிரஸ்லயே போங்க.

ஊருக்குள்ள சுத்த எஸ்.எல். நிறுவனத்தோட 72 மணி நேர டிக்கெட் ஒண்ணு போதும். மெட்ரோ, பஸ், டிராம், புறநகர் ரயில் எல்லாத்துக்கும் செல்லும். ஸ்லுசன்லேர்ந்து யூர்கோர்டன் தீவுக்குப் போற படகும் இதுலயே அடக்கம். 65 வயசு ஆனவங்களுக்குச் சலுகைக் கட்டணம் உண்டு, வயசுக்கு ஆதாரம் கையில இருக்கணும். எல்லா மியூசியத்துக்கும் சேர்த்து விக்கிற சுற்றுலா பாஸை மட்டும் கண்ணை மூடிட்டு வாங்காதீங்க. அதுல லாபம் பார்க்கணும்னா ஒரு நாளைக்கு மூணு நாலு இடம் ஓடணும். பெரியவங்களோட போனா ரெண்டே அதிகம்.

அந்த ரெண்டுல ஒண்ணு வாசா மியூசியமா இருக்கட்டும். 1628ல முதல் பயணத்துலயே கிளம்பி, 1,300 மீட்டர் கூடத் தாண்டாம கவிழ்ந்த போர்க்கப்பல். மேல்பாரம் அதிகம், ஒரு காத்து அடிச்சதும் சாய்ஞ்சு, பீரங்கி ஜன்னல் வழியா தண்ணி புகுந்துடுச்சு. 333 வருஷம் கழிச்சு 1961ல வெளியே எடுத்தாங்க. டெஸ்டிங்ல பிரச்சினை தெரிஞ்சும் ரிலீஸ் பண்ணின கதை, நம்ம துறைக்காரங்களுக்கு நெஞ்சைத் தொடும். பழைய நகரமான காம்லா ஸ்தான் அழகு, ஆனா பல தெருக்கள்ல கல் பாவின தரை. முழங்கால் வலிக்காரங்களுக்கு ஒரு மணி நேரம் போதும். மிச்ச நேரத்துக்கு மெட்ரோவே இருக்கு. மொத்தம் 100 நிலையம், பெரும்பாலானதுல ஓவியமும் சிற்பமும். உட்கார்ந்துகிட்டே பார்க்கலாம், குளிருமில்லை.

சாப்பாடு யானை விலைன்னு பயமுறுத்துவாங்க. ராத்திரி ஓட்டலுக்குப் போனா உண்மைதான். வார நாள் மதியம் பதினொண்ணுலேர்ந்து ரெண்டு வரைக்கும் பல கடைகள்ல மதியச் சாப்பாடு விலை குறைச்சுத் தருவாங்க, சாலட், பிரெட், காபி பல இடங்கள்ல அதுலயே சேர்த்தி. மெயின் சாப்பாட்டை மதியம் முடிச்சுடுங்க. குழாய்த் தண்ணி தாராளமா குடிக்கலாம். அப்பா பத்திரமா கொண்டு வர்ற யூரோ நோட்டு மட்டும் வேலைக்காகாது. இங்கே குரோனா, அதையும் நோட்டா நீட்டினா பல கடைகள்ல வாங்க மாட்டாங்க. கிளம்பறதுக்கு முன்னாடி கார்டுல வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்து வைங்க.

இன்னொண்ணு. ஜூன் 19லேர்ந்து 25க்குள்ள வர்ற வெள்ளிக்கிழமை அவங்களுக்கு மிட்சம்மர் பண்டிகை. ஊரே கிராமத்துக்கும் தீவுக்கும் கிளம்பிடும், நிறைய கடைகள் பூட்டு. பொங்கலன்னிக்கு மதியம் தி.நகர்ல டீக்கடை தேடற கதைதான். அந்த வாரம் டிக்கெட் போட்டிருந்தா, வியாழக்கிழமையே பாலும் பிரெட்டும் வாங்கி வச்சிருங்க.