கொடியும் மலைக்காற்றும்

ஆனி, ஆடியில் போடிநாயக்கனூரில் கொடியில் போட்ட புடவை, நீங்கள் காபி குடித்து முடிப்பதற்குள் காய்ந்துவிடும். கிளிப் போடாவிட்டால் அடுத்த வீட்டு மாடியில்தான் தேட வேண்டும்!

17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போடிமெட்டுக்குப் போனால் கதையே வேறு. மேற்கிலிருந்து மலையேறும் காற்று குளிர்ந்து மேகமாகிறது. ஏலத்தோட்டத்துக்கு அமிர்தம், குழந்தையின் பள்ளிச் சட்டைக்கோ மூன்று நாள் ஈரம். அதே காற்றுதான் கீழே இறங்கும்போது சூடேறி, வறண்டு, போடியில் புடவையை உலர்த்துகிறது.

ஆகையால் சகோதரிகளே, அடைமழையில் வெயிலுக்காகக் காத்திராதீர்கள். ஒட்டப் பிழிந்து, எதிரெதிர் ஜன்னல்களுக்கு நடுவே, துணியோடு துணி ஒட்டாமல் போடுங்கள். அடுப்புக்கு மேலே வேண்டாம்; பையன் வகுப்பில் புகை மணப்பான்! மடிக்குமுன் தையலைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்றிருந்தால் மறுபடியும் கொடிக்கே.