சத்தம் போடும் வகுப்பும் புது டீச்சரும்

"அந்த கிளாஸா? பாவம் டீச்சர் நீங்க!"

கல்வியாண்டின் நடுவில் ஒரு தொடக்கப்பள்ளியில் போய்ச் சேரும் ஆசிரியைக்குப் பல நேரங்களில் கிடைக்கும் முதல் வரவேற்பு இதுதான். முன்பு இருந்தவர் மாறுதலில் போயிருப்பார், இல்லையென்றால் மகப்பேறு விடுப்பில் இருப்பார். இடையில் சில வாரங்கள் அந்த இரண்டாம் வகுப்பைப் பக்கத்து வகுப்போடு சேர்த்து உட்கார வைத்திருப்பார்கள். ஒருவன் ஜன்னல் கம்பியில் தொங்குவான். இரண்டு பேர் ஒரு ரப்பருக்காகத் தரையில் உருளுவார்கள். "டீச்சர், இவன் கிள்ளிட்டான்", "டீச்சர், ஒண்ணுக்கு", "டீச்சர், என் பென்சிலக் காணோம்" என்று நாலா பக்கமும் குரல்கள். பக்கத்து அறையிலிருந்து ஓர் அனுபவசாலி எட்டிப் பார்த்து ஆலோசனை சொல்வார்: "முதல் நாளே ஒரு போடு போட்டுருங்க. அப்புறம் தானா அடங்கிடும்."

இந்த ஆலோசனை சரிதானா?

சட்டப்படி பார்த்தால் விவாதத்துக்கே இடமில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், தன் 17ஆவது பிரிவில் உடல் தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. ஆனால் பிரம்பைக் கீழே வைத்துவிட்டால் மட்டும் பாடம் நடந்துவிடாது. பிரம்பின் இடத்தில் எதை வைப்பது என்று யாரும் சரியாகச் சொல்லித் தராததால், பலர் அந்த இடத்தில் தொண்டையை வைக்கிறார்கள். சாயங்கால மணி அடிப்பதற்குள் தொண்டை கட்டிக்கொள்கிறது. பிள்ளைகளின் சத்தம் மட்டும் குறைவதில்லை!

அடுத்த ஆயுதம், "கையைக் கட்டு, வாய் மேல விரல வை". இது ஐந்து நிமிடம் பலிக்கும். அந்த ஐந்து நிமிடத்தில் யாரும் எதுவும் கற்றுக்கொள்வதில்லை. அதற்கும் அடுத்தது, லீடர் கரும்பலகையின் ஓரத்தில் எழுதும் "பேசியவர்கள்" பட்டியல். தினமும் அதே நான்கு பெயர்கள். ஒரு வாரம் தொடர்ந்து தன் பெயரை அங்கே பார்க்கும் பையனுக்கு அது அவமானமாகத் தெரிவதில்லை. அது அவனுக்கு ஒரு பதவி ஆகிவிடுகிறது.

ஏன் இப்படி நடந்துகொள்கிறார்கள் என்று சற்று யோசித்துப் பாருங்கள். ஏழு வயதுப் பிள்ளைக்கு "எங்க மிஸ்" என்பவர் வீட்டு மனுஷி மாதிரி. அவர் ஒரு நாள் திடீரென்று வரவில்லை. ஏன் வரவில்லை என்று அவர்களிடம் யாரும் சொல்வதும் இல்லை. பிறகு இன்னொருவர் வருகிறார். "நீங்க எத்தனை நாள் இருப்பீங்க?" என்று கேட்க அந்த வயதில் வார்த்தை வராது. அதைத்தான் ஜன்னலில் தொங்கிக் கேட்கிறார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. அதிகம் சேட்டை செய்யும் பிள்ளை பல சமயம் எழுத்து தெரியாத பிள்ளையாக இருக்கும். கரும்பலகையில் இருப்பது புரியாதவன் 40 நிமிடம் வேறு என்னதான் செய்வான்? கொரோனா காலத்தில் இது வெளிச்சத்துக்கு வந்தது. 2020 மார்ச்சில் மூடிய தமிழகப் பள்ளிகளில் 1 முதல் 8 வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. முதல் வகுப்பு அறைக்குள் ஒரு நாள்கூட உட்காராத குழந்தைகள் நேராக இரண்டாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தார்கள். 2022இல் "எண்ணும் எழுத்தும்" திட்டம் தொடங்கியபோது பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்ததற்குக் காரணம் இந்த ஏற்றத்தாழ்வுதான். அதற்கு முன்பே, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றல், ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் அட்டைகளைக் கொண்டு படிப்படியாக ஏற ஓர் ஏணியை வைத்தது. இரண்டும் வெவ்வேறு முறைகள். ஆனால் ஒரே வகுப்பில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் இல்லை என்பதை இரண்டுமே ஒத்துக்கொண்டன.

சரி, புதிதாக வந்தவர் என்னதான் செய்வது?

குஜராத்தில் வக்கீல் தொழிலை விட்டுவிட்டு ஆசிரியரான கிஜுபாய் பதேகா, "திவாஸ்வப்னா" என்ற நூலில் இதைத்தான் கதையாக எழுதினார். தமிழில் "பகல் கனவு" என்று வந்திருக்கிறது. அதில் வரும் ஆசிரியர் நான்காம் வகுப்பை ஏற்றுக்கொண்ட முதல் நாளே, புத்தகத்தில் படித்த அமைதி விளையாட்டை நடத்தப் பார்க்கிறார். பிள்ளைகள் அதைக் கேலிக்கூத்தாக்கிவிடுகிறார்கள். அடுத்த நாள் அவர் அமைதியைக் கேட்கவில்லை, கதை சொல்ல ஆரம்பிக்கிறார். கேட்டபோது கிடைக்காத அமைதி கதைக்குப் பின்னால் தானாக வந்து சேர்கிறது.

இதில் மந்திரம் எதுவும் இல்லை. பிள்ளைகள் வாயை மூடுவது பயத்தாலும் நடக்கும், ஆவலாலும் நடக்கும். பயத்தால் வந்த அமைதி ஆசிரியை அறையை விட்டு வெளியே போனதும் போய்விடும். கதையைப் பாதியில் நிறுத்தி "மிச்சம் நாளைக்கு" என்று சொன்னால், மறுநாள் வருகைக்கும் அதுவே ஒரு காரணம் ஆகும்.

கதை மட்டும் போதாது என்பதும் உண்மை. முதல் வாரத்திலேயே எல்லோருடைய பெயரையும் மனப்பாடம் செய்துவிட வேண்டும். "ஏய், சிவப்பு ரிப்பன்" என்று கூப்பிடும்வரை அந்த வகுப்பு அவருடையது ஆகாது. விதிகள் பத்து வேண்டாம், மூன்று போதும். ஆனால் அந்த மூன்றும் திங்கட்கிழமை எப்படியோ வெள்ளிக்கிழமையும் அப்படியே இருக்க வேண்டும். கால் மணி நேரம் உட்கார்ந்து எழுதினால் அடுத்தது எழுந்து நின்று செய்கிற வேலையாக இருக்க வேண்டும். கணக்கைக்கூட புளியங்கொட்டையை வைத்துத் தரையில் போடலாம். பட்டியலில் தினமும் வருகிற அந்த நால்வரிடம்தான் நோட்டு விநியோகத்தையும் சாக்பீஸ் டப்பாவையும் ஒப்படைக்க வேண்டும். பாடம் தொடங்கும் முன் "சாப்பிட்டியா?" என்று கேட்பதும் கற்பித்தலில் ஒரு பகுதிதான். தமிழக அரசு 2022 செப்டம்பரில் தொடக்கப்பள்ளிகளில் காலை உணவுத் திட்டத்தைக் கொண்டுவந்ததே, வெறும் வயிற்றில் பாடம் ஏறாது என்பதால்தானே?

"இதெல்லாம் பேசுவதற்கு நல்லாயிருக்கும், ஒரே ஆள் எப்படிச் செய்வது?" என்று ஆசிரியர்கள் கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப்பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். வகுப்புகளோ ஐந்து! இரண்டு பேர் ஐந்து வகுப்பைப் பார்க்கும் இடத்தில், ஒரு வகுப்பில் கதை ஓடும்போது இன்னொரு வகுப்பில் ரகளை நடக்கத்தான் செய்யும். போதாக்குறைக்குப் பதிவேடுகள், செல்போன் செயலியில் பதிவுகள். மேலும், ஒரு வகுப்பு நன்றாக நடக்கிறதா என்பதைச் சத்தத்தை வைத்தே அளக்கும் பழக்கம் பல பள்ளிகளில் இருக்கிறது. பிள்ளைகள் பேசிப் பழகும் வகுப்பைப் பார்த்து "என்ன டீச்சர், சந்தைக்கடையா?" என்று கேட்டால், நாளையிலிருந்து அவரும் பிரம்பைத்தான் தேடுவார்.

எனவே பழியை முழுவதும் புது ஆசிரியர் தலையில் போடுவது முறையல்ல. பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு ரேஷன் கடையில் விற்பனையாளர் மாறினால் மூட்டைகளை எண்ணிக் கணக்குப் பார்க்கிறார்கள். பள்ளியில் தலைமையாசிரியர் மாறினால் சாவிக்கொத்தும் இருப்புப் பதிவேடும் கையெழுத்தோடு கைமாறுகின்றன. ஒரு வகுப்பு கைமாறும்போது கிடைப்பதோ பெரும்பாலும் ஒரு வருகைப்பதிவேடுதான். யார் எந்த எழுத்தில் நிற்கிறாள், யாருக்கு ஒரு காது சரியாகக் கேட்காது, யார் வீட்டில் அப்பா வெளியூர் போய்விட்டார், யாரை யாருக்குப் பக்கத்தில் உட்கார வைக்கக் கூடாது... இவை எல்லாம் பழைய ஆசிரியையின் மனதில் இருந்து அவரோடு பஸ் ஏறிப் போய்விடுகின்றன. புதியவர் எல்லாவற்றையும் பூஜ்யத்திலிருந்து கண்டுபிடிக்க வேண்டும். அதற்குள் அரைப்பரீட்சை வந்துவிடும்.

இதைச் சரிசெய்யக் கோடிக்கணக்கில் பணம் வேண்டாம். போகிறவர் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஐந்து வரி எழுதி வைத்துவிட்டுப் போகலாம். முடிந்தால் இரண்டு நாளாவது பழையவரும் புதியவரும் ஒரே அறையில் சேர்ந்து இருக்கலாம். "நான் போகிறேன், இனி இவங்கதான் உங்க டீச்சர்" என்று பிள்ளைகளிடம் நேரில் சொல்லிவிட்டுப் போகலாம். அவசியம் இல்லாமல் ஒன்று, இரண்டாம் வகுப்புகளின் ஆசிரியர்களை வருட நடுவில் மாற்றாமல் இருக்கலாம். சின்ன வகுப்புதானே என்று கிடைத்தவரைப் போடும் பழக்கத்தையும் கைவிடலாம். ஐந்தாம் வகுப்பில் தடுமாறும் பிள்ளையின் கதையைப் பின்னோக்கிப் பார்த்தால், அது பல நேரம் இந்தச் சின்ன வகுப்பில் யாரும் கவனிக்காமல் விட்ட ஏதோ ஒரு மாதத்தில் போய் முடியும்.

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா" என்று எல்லோரும் சொல்கிறோம். அந்த ஐந்து வயதில் பிள்ளையின் பக்கத்தில் வருடம் முழுவதும் ஒரே ஆள் நிற்கிறாரா என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை. அடுத்த முறை ஒரு வகுப்பை "அடங்காத வகுப்பு" என்று யாராவது சொன்னால், அந்த வகுப்பு இதுவரை எத்தனை முறை கைமாறியது என்று முதலில் கேளுங்கள்.