மீண்டும் மகுடம் சூடுமா ஓக்லஹோமா சிட்டி தண்டர்? மாறாத அணியும் நெருங்கிவரும் ஊதியச் சிக்கலும்

புதுடெல்லி, அக். 20: அமெரிக்காவின் தேசிய கூடைப்பந்து சங்க (என்பிஏ) லீக்கின் 2025-26 பருவம் அக்டோபர் 21-ஆம் தேதி தொடங்குகிறது. தொடக்க நாளில் நடப்பு சாம்பியனான ஓக்லஹோமா சிட்டி தண்டர், சொந்த அரங்கில் ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணியைச் சந்திக்கிறது. இந்திய நேரப்படி இந்த ஆட்டம் 22-ஆம் தேதி அதிகாலை 5 மணிக்குத் தொடங்கும்.

கடந்த 7 பருவங்களில் 7 வெவ்வேறு அணிகள் கோப்பையை வென்றுள்ளன. பட்டத்தைத் தக்கவைத்த கடைசி அணி, 2017, 2018-ஆம் ஆண்டுகளில் வென்ற கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ். அந்த வரிசையில் இடம்பெறும் தகுதி தண்டர் அணிக்கு உண்டு. ஆனால், இதே அணியை இதே செலவில் நடத்த நிர்வாகத்துக்கு இந்த ஒரு பருவமே எஞ்சியிருக்கிறது.

பலம் என்ன?

கடந்த பருவத்தின் 82 லீக் ஆட்டங்களில் 68-இல் தண்டர் வென்றது. ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 12.9 புள்ளிகள் என்ற அதன் வித்தியாசம், என்பிஏ வரலாற்றிலேயே மிக அதிகம். அணியின் தூணான ஷாய் கில்ஜியஸ்-அலெக்சாண்டர் ஆட்டத்துக்கு 32.7 புள்ளிகள் குவித்தார். அதிகப் புள்ளிகள் எடுத்தவர், லீக்கின் மிகச்சிறந்த வீரர், இறுதிச்சுற்றின் மிகச்சிறந்த வீரர் ஆகிய மூன்று பெருமைகளையும் ஒரே பருவத்தில் பெற்ற நான்காவது வீரர் அவர். கரீம் அப்துல்-ஜப்பார், மைக்கேல் ஜோர்டான், ஷகீல் ஓ'நீல் ஆகியோர் அவருக்கு முன் இதைச் சாதித்தவர்கள்.

தற்காப்பிலும் லீக்கில் முதலிடம் தண்டருக்கே. லூகென்ட்ஸ் டார்ட், அலெக்ஸ் கருசோ, கேசன் வாலஸ் ஆகியோரின் நெருக்கடியால் எதிரணிகள் பந்தை அடிக்கடி இழந்தன. இவர்கள் உள்பட முக்கிய வீரர்கள் அனைவரும் பயிற்சியாளர் மார்க் டெய்க்னால்ட்டின் கீழ் இப்பருவத்திலும் தொடர்கின்றனர். காயத்தால் கடந்த லீக் சுற்றில் 32 ஆட்டங்களில் மட்டுமே ஆடிய செட் ஹோம்கிரென் முழுப் பருவமும் களத்தில் இருந்தால், அணி மேலும் வலுப்பெறும்.

எங்கே சறுக்கலாம்?

லீக் சுற்றில் கண்ட ஆதிக்கம் பிளே-ஆஃப் சுற்றில் முழுமையாக நீடிக்கவில்லை. டென்வர் நக்கெட்ஸ், இறுதிச்சுற்றில் இண்டியானா பேசர்ஸ் என இரு அணிகள் தண்டரை ஏழாவது ஆட்டம் வரை இழுத்துச் சென்றன. இறுதிச்சுற்றின் கடைசி ஆட்டத்தில் பேசர்ஸ் அணியின் டைரீஸ் ஹாலிபர்ட்டன் முதல் கால் பகுதியிலேயே காயமடைந்து வெளியேறினார். அதன்பின் தண்டர் 103-91 என வென்றது.

மணிக்கட்டில் தசைநார் கிழிந்த நிலையிலேயே அந்தச் சுற்றை ஆடிமுடித்த ஜேலன் வில்லியம்ஸுக்குக் கோடையில் அறுவை சிகிச்சை நடந்தது. அவர் தொடக்க ஆட்டங்களில் ஆட வாய்ப்பில்லை. புதிதாகத் தேர்வான தாமஸ் சோர்பர் முழங்கால் காயத்தால் பருவம் முழுவதையும் இழந்துள்ளார்.

மேற்குப் பிரிவில் போட்டியும் கூடியுள்ளது. 2016-இல் தண்டரைவிட்டு விலகிய கெவின் டுரான்ட் இப்போது ஹூஸ்டனில் ஆடுகிறார். நிகோலா யோகிச்சைச் சுற்றி டென்வர் மாற்று வீரர்களைப் பலப்படுத்தியுள்ளது. கிழக்கில் நிலைமை வேறு. பாஸ்டனின் ஜேசன் டேட்டம், ஹாலிபர்ட்டன் ஆகிய இருவரும் குதிகால் தசைநார்க் காயத்தால் ஓய்வில் உள்ளனர். ஆகவே, இறுதிச்சுற்றைவிட அதை எட்டும் பாதையே தண்டருக்குக் கடினமாக இருக்கக்கூடும்.

அடுத்த ஆண்டின் கணக்கு

கோடையில் கில்ஜியஸ்-அலெக்சாண்டர், வில்லியம்ஸ், ஹோம்கிரென் ஆகிய மூவரின் ஒப்பந்தங்களும் நீட்டிக்கப்பட்டன. மொத்த மதிப்பு அதிகபட்சமாக 82 கோடி டாலரை எட்டலாம். வில்லியம்ஸ், ஹோம்கிரென் இருவரும் இப்பருவத்தில் புதுமுக வீரர்களுக்கான குறைந்த ஊதியத்தில்தான் ஆடுகின்றனர். 2026-27 முதல் இருவருக்கும் தலா, அணியின் ஊதிய வரம்பில் குறைந்தது 25 சதவீதம் செல்லும். அதாவது, வரம்பில் பாதி இவ்விருவருக்கே போய்விடும்.

இப்பருவத்தின் ஊதிய வரம்பு 15.46 கோடி டாலர். வரி செலுத்தி அதைத் தாண்ட விதிகள் இடமளிக்கின்றன. ஆயினும், 2023-ஆம் ஆண்டு ஒப்பந்தம் 'இரண்டாம் உச்சவரம்பு' ஒன்றையும் வகுத்தது. இப்பருவத்தில் 20.78 கோடி டாலராக உள்ள அந்த எல்லையைக் கடக்கும் அணி, பல வீரர்களின் ஊதியத்தை ஒன்றுசேர்த்து ஒரு பெரிய வீரரைப் பரிமாற்றத்தில் பெற முடியாது. எதிர்காலத் தேர்வு வாய்ப்புகளும் முடக்கப்படும். 2024-இல் கோப்பை வென்ற பாஸ்டன் செல்டிக்ஸ், இந்த எல்லைக்குக் கீழே வருவதற்காகவே ஜூரூ ஹாலிடே, கிறிஸ்டாப்ஸ் போர்சிங்கிஸ் இருவரையும் விட்டுக்கொடுத்தது.

தண்டர் அணியில் டார்ட், ஐசாயா ஹார்டன்ஸ்டீன் ஆகியோரின் 2026-27 ஒப்பந்தத்தைத் தொடர்வதா என்பதை நிர்வாகமே முடிவு செய்யலாம். செலவைக் குறைக்க நேர்ந்தால் முதலில் பேசப்படும் பெயர்களும் இவையே. இழப்பை ஈடுகட்ட, பொது மேலாளர் சாம் பிரஸ்டி சேர்த்துவைத்துள்ள தேர்வு வாய்ப்புகள் உதவும். 2019-இல் பால் ஜார்ஜைக் கொடுத்துக் கில்ஜியஸ்-அலெக்சாண்டரைப் பெற்ற அதே பரிமாற்றத்தின் வழியாக, கிளிப்பர்ஸ் அணியின் 2026 முதல் சுற்றுத் தேர்வும் தண்டரிடமே உள்ளது.

நகரின் பங்கு

இந்தக் கணக்கில் ரசிகர்களின் பணமும் அடங்கியுள்ளது. 2023 டிசம்பரில் நடந்த வாக்கெடுப்பில், குறைந்தது 90 கோடி டாலர் செலவிலான புதிய அரங்குக்காக 6 ஆண்டுகளுக்கு 1 சதவீத விற்பனை வரி செலுத்த ஓக்லஹோமா சிட்டி மக்கள் ஒப்புக்கொண்டனர். அணி உரிமையாளர்களின் பங்கு 5 கோடி டாலர். 2050 வரை நகரைவிட்டு அணி வெளியேறாது என்பது அதற்கு ஈடான உறுதி. அரங்கு தொடர்பான தகராறில் சியாட்டில் நகரம் 2008-இல் இழந்த அணிதான் இன்றைய தண்டர் என்பதால், அந்த உறுதிக்கு மதிப்பு அதிகம்.

ஆனால், உறுதி அணிக்குத்தான்; வீரர்களுக்கு அல்ல. 2028-இல் புதிய அரங்கு திறக்கும்போது, கோப்பையை வென்ற இந்தக் குழுவில் எத்தனை பேர் எஞ்சியிருப்பார்கள் என்பதை ஊதிய விதிகளே பெருமளவு தீர்மானிக்கும்.

வில்லியம்ஸ் விரைவில் குணமடைந்து, ஹோம்கிரெனும் காயமின்றி ஆடினால், கோப்பைக்கான முதல் தகுதி தண்டருக்கே உண்டு. லீக் சுற்று ஆட்டங்கள் 2026 ஏப்ரல் 12 வரை நடைபெறும்.