ஒன்றைக் கழித்தால் ஒரு விநாடி ஆகிவிடாது

ஜாவாஸ்கிரிப்ட் கற்க வருபவர் கையில் முதலில் திணிக்கப்படும் பயிற்சிகளில் ஒன்று கவுன்ட்டவுன் டைமர். 600 என்று ஓர் எண்ணை வைத்துக்கொள், செட்இன்டர்வலில் 1000 என்று எழுது, கூப்பிடும்போதெல்லாம் ஒன்றைக் கழி. பத்து நிமிட டைமர் தயார். இப்படித்தான் சொல்லித் தருகிறார்கள், பலரும் இதை நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இதை டைமர் என்று ஒப்புக்கொள்ள என்னால் முடியாது.

செட்இன்டர்வல் கடிகாரம் அல்ல. 1000 மில்லி விநாடி என்பது நாம் வைக்கும் கோரிக்கை. சரியாக அந்தக் கணத்தில் கூப்பிடுவதாக பிரவுசர் எங்கும் கையெழுத்துப் போடவில்லை. பக்கத்தின் முக்கிய வேலைகளெல்லாம் ஒரே த்ரெட்டில்தான் நடக்கின்றன. பெரிய பட்டியல் ஒன்றை வரிசைப்படுத்த ஐந்து விநாடி பிடித்தால், அதுவரை டைமர் கைகட்டி நிற்கும். தவறிய அழைப்புகள் பிறகு மொத்தமாக வந்து கணக்கை நேர்செய்யும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம்.

இதைவிடப் பெரிய ஓட்டை, பயனர் வேறு டேபுக்குப் போகும்போது விழுகிறது. மறைந்திருக்கும் டேபின் டைமர்களை பிரவுசர்கள் பேட்டரிக்காக வேண்டுமென்றே மட்டுப்படுத்துகின்றன. 2021இல் வந்த குரோம் 88 இன்னும் கறார்: சத்தம் எதுவும் எழுப்பாத பக்கம் ஐந்து நிமிடத்துக்கு மேல் மறைந்திருந்தால், இத்தகைய டைமர்களை நிமிடத்துக்கு ஒரு முறைதான் எழுப்பும். பதினைந்து நிமிடம் மறைந்திருந்த பக்கத்தில் 900 குறைய வேண்டும். கழித்துக்கொண்டிருக்கும் கோட் ஏறத்தாழ 310தான் குறைத்திருக்கும். போனைப் பூட்டிப் பைக்குள் போட்டால் அதுவும் நின்றுபோகலாம்.

"என் மெஷினில் சரியாகத்தானே ஓடியது?" ஓடும். எழுதியவர் திரையை முறைத்துப் பார்த்தபடியே சோதிக்கிறார். பயன்படுத்துபவருக்கு அந்தத் தலையெழுத்து இல்லை. இடைவெளியை 100 ஆக்கினால் துல்லியம் வந்துவிடும் என்பவர்களும் உண்டு. தப்பான கணக்கைப் பத்து மடங்கு வேகமாகப் போடுவதில் என்ன லாபம்?

ஒன்பது மணிக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர் கடிகாரத்தைப் பார்ப்பாரா, விரல்விட்டு எண்ணிக்கொண்டிருப்பாரா? முடியும் நேரத்தை முதலிலேயே குறித்துவையுங்கள். ஒவ்வொரு அழைப்பிலும் அதிலிருந்து இப்போதைய நேரத்தை, அதாவது டேட்.நவ் தரும் எண்ணைக் கழித்து, மிச்சத்தைக் காட்டுங்கள். அழைப்பு தாமதமாக வந்தாலும், இருபது அழைப்பு வராமலே போனாலும், அடுத்தது வந்ததும் எண் சரியாகிவிடும். கூடுதலாக இரண்டு வரிதான்.

முடியும் நேரத்தைக் குறிப்பதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. புத்தாண்டுக்கு 2027-01-01 என்று தேதியை மட்டும் கொடுத்தால், ஜாவாஸ்கிரிப்ட் அதை யுடிசி எனும் உலகப் பொது நேரத்தின் நள்ளிரவாக எடுத்துக்கொள்ளும். சென்னையில் வாண வேடிக்கையெல்லாம் ஓய்ந்து, விடிகாலை 5:30க்குத்தான் டைமர் பூஜ்யத்தைத் தொடும். நேரத்தையும் +05:30 என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

டேட்.நவ் கருவியின் கடிகாரத்தைத்தான் படிக்கிறது, அதைப் பயனரே மாற்றிவிடலாமே என்று கேட்டால், உண்மைதான். ஆன்லைன் தேர்வு மாதிரி விஷயங்களில் நேரம் முடிந்ததா என்று தீர்மானிக்க வேண்டியது சர்வர், விடை வந்துசேர்ந்த நேரத்தை வைத்து. திரையில் ஓடும் எண் மாணவர் பார்ப்பதற்கு மட்டும்தான்.